மதினி ருசி பார்க்காத வான்கோழி

மதினி கையைக் கட்டிக்கொண்டு நின்று நான் பார்த்ததே இல்லை. யாராவது ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தால் போதும், அவர் கை துறுதுறுக்கத் தொடங்கிவிடும். தேங்காய் துருவுகிற இடத்துக்குப் போய்ச் சும்மாதான் நிற்பார். கொஞ்ச நேரம் பார்ப்பார். நாக்கு நுனியில் ‘ச்ச்’ என்று ஒரு சத்தம் வரும். அடுத்து, “இங்கன குடு புள்ள” என்று கை நீளும். துருவிக்கொண்டிருந்தவள் எழுந்து இடம் விட்டுவிடுவாள். விடாமல் என்ன செய்வது? மதினி அதற்குள் பாதி உட்கார்ந்திருப்பார்.

சொந்தத்தில் அவர் எனக்கு மதினி இல்லை. கல்யாணமான கையோடு நானும் என் வீட்டுக்காரரும் தேனியில் பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு தெருவில் குடியேறினோம். பக்கத்து வீடு அவருடையது. அவர் கணவர் பருத்தித் தரகர். அதிகம் பேசாத மனிதர். முதல் நாளே என்னைத் “தங்கச்சி” என்று கூப்பிட்டுவிட்டதால் அவர் மனைவி எனக்கு மதினி ஆனார். அன்றைக்குப் பால் காய்ச்சுவதற்காக நான் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ‘ச்ச்’ கேட்டது. எங்கள் வீட்டில் முதல் பால் அவர் கையால்தான் பொங்கியது. நாங்கள் இரண்டு பேரும் விருந்தாளிகள் மாதிரிச் சுவரோரம் நின்று பார்த்தோம். டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, “சீனி போதுமா?” என்று எங்களையே கேட்டார்.

ஒருமுறை சுருளிப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்காகச் சேர்ந்து போனோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கம்பத்துக்கு முன்னால் ஓரிடத்தில் பஸ்ஸின் பின் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. எல்லாரும் இறங்கினோம். மதினி மட்டும் டிரைவர் பக்கம் போய், “தம்பி, வலப்பக்கமா ஒடிங்க” என்றார்.

“நீங்க பஸ் ஓட்டுவீகளாம்மா?” என்று கேட்டார் டிரைவர்.

“இல்ல. மாட்டு வண்டியில ஒக்காந்திருக்கேன். எல்லாம் சக்கரந்தான, ஒடிங்க.”

வலப்பக்கம் ஒடித்ததால் ஏறியதோ, பின்னால் இளைஞர்கள் தள்ளியதால் ஏறியதோ, பஸ் ஏறிவிட்டது. அதற்கப்புறம் கம்பம் வரைக்கும் மதினி டிரைவருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு வந்தார். “ஆடு வருது, ஆடு வருது” என்று இரண்டு முறை சொன்னதும் டிரைவர் கண்டக்டரைக் கூப்பிட்டு, “இந்தம்மாவுக்குப் பின்னாடி ஒரு சீட்டு போட்டுக் குடு, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றார்.

வீரபாண்டித் திருவிழாவில் யாரோ ஒரு பெண் மாவிளக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பாகு இளகிவிட்டதால் விளக்கு நிற்காமல் சரிந்தது. மதினி அதை வாங்கிப் பிசைந்து, குழி வைத்து, திரி போட்டு, ஏற்றியும் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் இவரைக் கோயில் ஆள் என்று நினைத்து விபூதிக்குக் குனிந்தாள். மதினி சற்றும் தயங்காமல் பூசியும் விட்டார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிற நான், இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குப் பிரசவமானபோது பிறந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அம்மா முன்பே இறந்துவிட்டார். அப்பாவுக்கு என் கல்யாணத்தில் சம்மதமில்லை. ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது மதினிதான். குழந்தையைத் துணியில் சுற்றிய நர்ஸிடமும் கை நீட்டினார். நர்ஸ் அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார். மதினி ஜன்னலுக்கு வெளியே போய் நின்றுகொண்டு, “தலையை மூடுங்க, காத்து அடிக்குது” என்று அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அப்பா அப்போது போடியில்தான் இருந்தார். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். வரவில்லை. மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்டேட் உத்தியோகஸ்தன் ஒருவனை எனக்கு மாப்பிள்ளையாகப் பார்த்து வைத்திருந்தார். நானோ பம்புசெட்டு உதிரிச் சாமான் விற்கிறவரைக் கட்டிக்கொண்டேன். இரண்டு குடும்பமும் ஒரே கிறிஸ்தவ சபைதான். ஆனாலும், “நட்டும் போல்ட்டும் விக்கிறவன் வீட்டு வாசப்படிய நான் மிதிக்கணுமா?” என்று கேட்டவர், கேட்டபடியே இருந்துவிட்டார்.

மகளுக்கு இரண்டு வயதாகும்போது, போடி பஸ் ஸ்டாண்டில் என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்து, கிறிஸ்துமஸுக்குப் பேத்தியைப் பார்க்க வரும்படி கூப்பிட்டிருக்கிறார். “பாக்கலாம்” என்றாராம். பிறகு ஒரு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: மத்தியானம் வருவார், சாப்பிடுவார், சாயங்காலத்துக்கு முன்னால் பஸ் ஏறிவிடுவார்.

அதைக் கேட்ட நிமிஷமே வான்கோழி செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். என் சின்ன வயசில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அப்பா எஸ்டேட் வெள்ளைக்காரத் துரை பங்களா வான்கோழியைப் பற்றிச் சொல்வார். முழுசாக, காலைக் கட்டி, தட்டில் வருமாம். தோலுக்கும் சதைக்கும் நடுவில் பச்சிலை கலந்த வெண்ணெயைத் தடவி அடுப்பில் வைப்பார்களாம். உருகி வழிகிற நெய்யை அள்ளி அள்ளி மேலேயே ஊற்றுவார்களாம். தோல் அப்பளம் மாதிரி நொறுங்குமாம். அவர் சொல்லி முடிக்கிறபோது அம்மா கோழிக்குழம்பைக் கொண்டுவந்து வைப்பார். நல்ல குழம்புதான். அந்தக் கதைக்குப் பக்கத்தில் வைத்ததும் என்னவோ சிறுத்துப் போய்விடும்.

விஷயத்தை மதினியிடம் சொன்னேன். சொன்னபிறகுதான் என் புத்தி எனக்கே விளங்கியது. மதினி வீடு சுத்த சைவம். அவர்கள் வாசலில் முட்டை ஓடு கிடந்தால்கூடச் சாணி கரைத்துத் தெளித்துவிட்டுத்தான் காலை வைப்பார்.

“அதுக்கு அடுப்பு?” என்று கேட்டார் மதினி.

“இனிமேத்தான் யோசிக்கணும்.”

“வெண்ணெ?”

“கடையிலதான்.”

‘ச்ச்’ என்று சத்தம் வந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, வான்கோழி என் கையை விட்டுப் போய்விட்டது என்று.

வீரபாண்டிக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வான்கோழி வளர்த்தார்கள். என் வீட்டுக்காரர் கூடையில் வைத்துக் கட்டிச் சைக்கிள் கேரியரில் கொண்டுவந்தார். ஒரு வாரம் அது எங்கள் முருங்கை மரத்தடியில் கிடந்தது. மதினி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குருணையை வீசுவார். “ஏலே, சிந்தாமத் தின்னு. ஒன்னத்தான சொல்றேன்” என்று அதற்கும் வழி சொல்வார். அதுவும் தலையைச் சாய்த்துக் கேட்கும். அதன் பெயரை மட்டும் வாயால் சொல்லமாட்டார். அவருக்கு அது ‘காய்’. “காய் இன்னிக்கு நல்லாத் தின்னுச்சு” என்பார்.

கறிக்கடைக்காரர் வருகிற அன்றைக்குக் காலையிலேயே மதினி வீரபாண்டிக் கோயிலுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். இருட்டுவதற்குச் சற்று முன்னால்தான் திரும்பினார். முருங்கை மரத்தடியைப் பார்க்காமலே வீட்டுக்குள் போனார். வீட்டில் மீந்திருந்த குருணையைக் காக்காய்க்குப் போட்டார்.

மறுநாள் கிறிஸ்துமஸ். விடிகாலை ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, மதினி தன் பக்கத்தில் நாலைந்து செங்கல்லை அடுக்கி அதன்மேல் ஏறிச் சுவருக்கு மேலே தலையைக் காட்டிக்கொண்டிருந்தார். வாழையிலையில் ஒரு பெரிய உருண்டை வெண்ணெயை நீட்டினார். அவர் வீட்டு எருமைப் பாலில் கடைந்தது.

“மதினி, இது உங்க வீட்டு வெண்ணெ. சாமிக்கு வைக்கிறது. இதப் போயி...”

“செவரத் தாண்டிருச்சுன்னா அது ஒன் வெண்ணெ. நீ என்னமும் பண்ணு. எலையத் திருப்பித் தராத.”

அப்பா சொன்ன சீமைப் பச்சிலைகளுக்கு நான் எங்கே போக? மதினி தன் தோட்டத்தையே பறித்துக் கொடுத்தார். கற்பூரவல்லி, புதினா, கொத்தமல்லி. துளசியும் வாசமாக இருக்குமே என்று நான் சொன்னபோது மட்டும், “துளசியவா? ஏன் புள்ள, ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?” என்றார். பூண்டும் மிளகும் நசுக்கி, எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டு, எல்லாவற்றையும் வெண்ணெயில் பிசைந்தேன். உப்பு எவ்வளவு என்று கேட்டேன். “ஒரு கை” என்றார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தோலுக்கு அடியில் விரலை விட்டுப் பிரித்து வெண்ணெயைத் தடவ வேண்டும். நான் விரலை நுழைத்தேன். மதினி சுவருக்கு மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். வாழ்நாளிலேயே முதல்முறையாக அவர் தொடவே மாட்டாத ஒரு வேலை கண்ணெதிரே நடக்கிறது. “மெல்ல. மெல்லப் போ. விரல மடக்காத. எண்ணெக் கத்திரிக்காய்க்குக் காம்பு ஒடையாம அடைப்போம்ல, அதேதான். இது கொஞ்சம் பெரிய கத்திரிக்கா.” சொல்லச் சொல்ல அவர் விரல்கள் காற்றில் எதையோ பிரித்து எதையோ தடவிக்கொண்டிருந்தன. நான் ஓரிடத்தில் தோலைக் கிழித்தபோது அவர் ‘ஸ்ஸ்’ என்று தன் விரலையே உதறிக்கொண்டார்.

அடுப்புக்கு மெயின் ரோட்டுப் பேக்கரியை மதினி இரண்டு மூன்று நாளைக்கு முன்பே ஏற்பாடு செய்திருந்தார். பேக்கரி மாஸ்டர் மலையாளத்துக்காரர். “அய்யோ அம்மே, பற்றில்லா. கேக்கு முழுக்க எறச்சி மணக்கும்” என்று, முடியவே முடியாதென்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

“கிறிஸ்மஸ் காலையில கேக்கு எங்க இருக்கு? எல்லாம் முந்துன நாளே வித்துருமே. ரொட்டி எடுத்த பெறகு சூடு சும்மாதான கெடக்கு? சும்மா கெடக்கிறதத்தான கேக்குறேன்” என்று மதினி கேட்டாராம். மாஸ்டர் அடுப்பைத் தர ஒத்துக்கொண்டுவிட்டார்.

வான்கோழியைத் தகரத் தட்டில் வைத்துத் துணி போர்த்தி, ரிக்ஷாவில் என் மடியில் வைத்துக்கொண்டேன். மதினி ஏறவில்லை. “அதோட ஒண்ணா ஒக்காரமாட்டேன்” என்று பக்கத்திலேயே நடந்து வந்தார். ரிக்ஷாக்காரர் மெதுவாக மிதிக்க, மதினி முன்னால் போகிறவர்களை விலகச் சொல்லிக்கொண்டு வர, பஜார் முழுக்க எங்களைச் சப்பரம் போகிற மாதிரிப் பார்த்தது.

பேக்கரியில் அடுப்பு வாய்க்கு நேராக ஒரு ஸ்டூலைப் போட்டு மதினி உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் நீளத் துடுப்பால் தட்டை உள்ளே தள்ளினார். அடிக்கடி இழுக்கச் சொல்வார் மதினி. இழுத்ததும், “ஊத்துங்க. நெஞ்சுமேல ஊத்துங்க. அங்கன இல்ல, இங்கன” என்பார். மாஸ்டர் உருகிய வெண்ணெயைக் கரண்டியால் அள்ளி ஊற்றுவார். மேலே சீக்கிரம் சிவந்தபோது ஈர வாழையிலையால் மூடச் சொன்னதும் மதினிதான். கொஞ்ச நேரத்தில் பேக்கரிக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. பூண்டும் பச்சிலையும் நெய்யுமாக அப்படி ஒரு வாசனை. மதினி கண்ணை மூடி மூக்கை நிமிர்த்தி இழுத்தார். “இன்னும் வேகல. பச்ச வாட இருக்கு” என்றார்.

“அம்மே, நிங்ஙள் எறச்சி கழிக்குமோ?” என்று, இவர் கறி சாப்பிடுகிறவரோ என்ற சந்தேகத்தில் மாஸ்டர் கேட்டார்.

“சீச்சீ” என்றார் மதினி. “இலைய எடுங்க. இப்பச் செவக்கட்டும்.”

வீட்டுக்குத் திரும்புகிறபோது நாய்கள் பின்னால் வந்தன. மதினி குடையை வீசிக்கொண்டே வந்தார். எங்களைச் சேர்த்து விட்டதும் நேராகத் தன் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மறுபடியும் செங்கல் மேல் ஏறி நின்றார். எங்கள் பின்வாசல் திறந்திருந்தால் அங்கிருந்து சாப்பாட்டு மேஜை தெரியும். அதை அவர் முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

அப்பா வந்தார். கோட்டுப் போட்டிருந்தார். பேத்தியைத் தூக்கிக்கொண்டார். என் வீட்டுக்காரரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமானால், “கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். நான் கொண்டுபோய் வைத்தேன்.

வான்கோழியை மேஜையில் வைத்தபோது என் கால் தரையில் பாவவில்லை. பொன்னிறமாக, காலைக் கட்டிக்கொண்டு, முழுசாக உட்கார்ந்திருந்தது. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுற்றிலும் பார்த்தார்.

“நெறம் ஒரு பக்கம் ஏறல” என்றார் என் வீட்டுக்காரரிடம். “தொர பங்களாவுல இப்பிடி இருக்காது.” குனிந்து மோந்தார். “கற்பூரவல்லி. சளிக்குக் குடுக்குறது. அங்க சீமத் தழையில்ல போடுவாக. இது வேற.” தட்டை ஒரு விரல் அகலம் தள்ளி வைத்தார்.

 அப்பாவுக்கு ரசம் இருக்கிறது, சோறு இருக்கிறது, அதை வைத்துவிடலாம் என்று திரும்பினேன். பின்வாசலில் மதினி நின்றுகொண்டிருந்தார். கறி சமைத்த நாளில் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்ததே கிடையாது. குளித்த ஈரம் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. நேராக மேஜைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

“வாங்க மாமா. நான் பக்கத்து வீடு. எனக்கு ஒரு சந்தேகம். தொர வீட்டுல இதுக்கு உப்பு எம்புட்டுப் போடுவாக?”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். “உப்பா? உப்பு... அளவாத்தான் இருக்கும்.”

“காரம்?”

“காரம் அவ்வளவா இருக்காது.”

“கடிச்சா உள்ள ஈரமா இருக்குமா, இல்ல முறுகலாவா? தொடப்பக்கம் ஒரு மாதிரியும் நெஞ்சுப்பக்கம் ஒரு மாதிரியும் இருக்குமா? வெவரமாச் சொல்லுங்க மாமா. அடுத்த வருசம் திருத்திப்புடலாம்.”

மதினி குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காலையிலிருந்து வேலையை நடத்தியவர் அல்லவா? அப்பா குனிந்துகொண்டார். பேத்தியின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார்.

“சாப்பிட்டதில்லம்மா” என்றார்.

அப்பா பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

“கிறிஸ்மஸ் அன்னிக்கு ஆபீஸ்காரவுக நாங்கல்லாம் மாலையும் பழமும் கொண்டுபோயிக் குடுப்போம். வராந்தாவுல நிப்போம். பட்லர் தட்டோட உள்ள போவான். கதவு தொறந்து மூடுற நேரம் கண்ணுல படும். வாசன வரும். சமையக்காரன்ட்ட கேட்டுக் கேட்டு வெவரம் தெரிஞ்சுக்கிட்டேன். அம்புட்டுத்தான்.”

எத்தனை கிறிஸ்துமஸ். அம்மா அந்தக் கதையைக் கேட்டுவிட்டுக் குழம்புச் சட்டியோடு நின்ற நிலை எனக்கு ஞாபகம் வந்தது. கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கோட்டுக்குள் அப்பாவின் தோள் அப்படி ஒடுங்கிப் போயிருந்தது.

மதினி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அட, அப்ப நீங்களும் என்னையப் போலத்தான். நானும் விடிஞ்சதுலேர்ந்து மோந்துக்கிட்டே நிக்கேன் மாமா. உப்பு இருக்கா இல்லையான்னு தெரியாம எனக்கு மண்ட வெடிக்குது. இந்தப் புள்ள என்ன செஞ்சாலும் நல்லாருக்குன்னு சொல்ற ஆளு அவ வீட்டுக்காரரு. அவர நம்ப முடியாது. நீங்க ஒரு வாய் தின்னு நெசத்தச் சொல்லுங்க. எனக்காக.”

அப்பா அவரைப் பார்த்தார். தள்ளி வைத்த தட்டை மெதுவாகப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஒரு துண்டு அறுத்து வைத்தார். அப்பா அதைப் பிய்த்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார். மதினியின் வாயும் கூடவே அசைந்தது.

“உப்பு சித்தே கம்மி” என்றார்.

“பாத்தியா!” மதினி என் பக்கம் திரும்பினார். “ஒரு கை போடுன்னு சொன்னேனா இல்லையா?”

“போட்டேனே மதினி.”

“ஒன் கையவா அளந்த? நான் என் கையிலதான சொன்னேன்!”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் கறியோடு சிரித்ததில் புரையேறியது. நான் ஓடிப்போய்த் தலையைத் தட்டினேன். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார்.

“தாயி, அந்தத் தொடப்பக்கம் ஒரு துண்டு வை. தோலோட வை” என்றார்.

வைத்தேன். தோல் அவர் பல்லில் நொறுங்கியது எனக்கே கேட்டது.

அன்று சாயங்காலப் பஸ்ஸுக்கு அப்பா போகவில்லை. வெயில் தாழ்ந்தபிறகு பின்கட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கோட்டைக் கழற்றிவிட்டு, பனியனும் வேட்டியுமாக அப்பா இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கம் செங்கல் மேல் மதினி. இன்னொரு தடவையும் தலைக்குக் குளித்திருந்தார்.

“நெஞ்சுப்பக்கம் பஞ்சு மாதிரி” என்று சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா. “ஒங்க வெண்ணெ நல்லா உள்ள எறங்கியிருந்துச்சு. தொடப்பக்கம் கொஞ்சம் நாரு. ஆனா ருசி அங்கனதான். கற்பூரவல்லி மொதல்ல தெரியல. முழுங்குன பெறகுதான் தெரியுது.”

மதினி தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக் கேட்டார். கேட்டு முடித்து, ‘ச்ச்’ என்றார்.

“இல்ல மாமா. தொடப்பக்கம் நாரா இருக்காது. நீங்க சரியா மெல்லல.”

அப்பா நாக்கால் பல்லைத் துழாவிப் பார்த்தார்.

“இருக்கும்” என்றார். “ராத்திரிக்கு மிச்சம் இருக்குல்ல, இன்னொரு தடவ மென்னு பாத்துச் சொல்றேன்.”